பிலிமா டிஜிட்டலா: படக்காரர் வட்டத்தில் முகம் முறியாமல் வாதாடுவது எப்படி

திருமலையில் (திருகோணமலையில்) படம் பிடிக்கிற ஐந்தாறு பேர் கூடினால், தேநீர் ஆறுவதற்குள் இந்தக் கதை வந்துவிடும். ஒருவர் கோணேசர் கோவில் மலையிலிருந்து பிடித்த சூரிய உதயத்தைக் காட்டுவார். "கொடாக் கோல்ட் பிலிம் றோல். டிஜிட்டலில இந்த நிறம் வருமோ?" மற்றவர் உடனே, "ஸ்கான் பண்ணினா அதுவும் டிஜிட்டல்தானே" என்பார். அதற்குப் பிறகு அந்தப் படத்தை யாரும் பார்ப்பதில்லை. நேரில் நடந்தால் அரை மணித்தியாலத்தில் முடியும். கைத்தொலைபேசிக் குழுவில் நடந்தால் இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறும்வரை போகும்.

இந்த வாதத்தை ஒழிக்கத் தேவையில்லை. நல்ல வாதம், படம் பிடிக்கிறவனுக்கு வெளிச்சத்தைப் பற்றி நிறையச் சொல்லித்தரும். வாதிடுகிற இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் அது நடப்பதில்லை.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"எது நல்லது?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. எதற்கு, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு பெரிய பிரிண்டுக்கு, யார் செலவில் என்று எதுவுமே அதில் இல்லை. வட்டத்தை நடத்துகிறவர் செய்யவேண்டிய முதல் வேலை, கேள்வி கேட்டவரிடமே அதைத் திருப்பிக் கொடுத்து நறுக்கச் சொல்வது. "உப்புவெளிக் கடற்கரையில் நடுப்பகலில் வெள்ளை வேட்டிக்காரரைப் பிடிக்கும்போது, வேட்டியின் மடிப்பு எதில் அழியாமல் தெரியும்?" என்பது பதில் சொல்லக்கூடிய கேள்வி. "இரவில் மீன்பிடி வள்ளங்களை முக்காலியில் வைத்துப் பிடிக்க எது லேசு?" என்பதும் அப்படித்தான். இரண்டுக்கும் வேறு வேறு பதில் வரும். முதலாவதில் கலர் நெகட்டிவ் முந்தும், இரண்டாவதில் டிஜிட்டல் முந்தும். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு பக்கமும் தலையாட்ட வேண்டியிருப்பதால் கட்சி கட்டுவது கஷ்டமாகிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டூடியோ இருட்டறையில் கைவிரல் மஞ்சளாகும்வரை றோல் கழுவிப் பிழைத்த மூத்தவர்கள் அநேகமாக டிஜிட்டல் பக்கம்தான் நிற்பார்கள். பிலிமுக்காக உயிரை விடுகிறவர் இருபத்திரண்டு வயதுக்காரராக இருப்பார். வெளியிலிருந்து பார்க்கிறவர் நினைப்பதற்குத் தலைகீழ். ஆகவே "பழசுகள்", "புதுசுகள்" என்று பிரித்துப் பேசத் தொடங்கினால் ஆளும் பிழையாகும், கதையும் பிழையாகும்.

படத்தோடு விவரமும் வரட்டும்

விவரமில்லாத படத்தை ஒப்பீட்டுக்கு எடுக்கக்கூடாது என்று ஒரு விதி வையுங்கள். பிலிம் என்றால் எந்த றோல், எந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன் எண்ணில்) அளந்தது, வீட்டில் கழுவியதா லாபில் கழுவியதா, எந்த ஸ்கானர், பிறகு என்ன திருத்தம். டிஜிட்டல் என்றால் ரா கோப்பா (சென்சார் பதிந்த மூலத் தரவு) ஜேபெக்கா (கமராவே பதப்படுத்திச் சுருக்கிய படம்), வெள்ளைச் சமநிலை (எந்த வெளிச்சத்துக்கு நிறத்தைச் சரிசெய்வது என்ற அமைப்பு) எதில் இருந்தது, பிரிசெட் (ஆயத்தத் திருத்தம்) போட்டதா. மூன்று வரியில் முடியும். இந்த மூன்று வரி, சண்டையில் பாதியை முளையிலேயே கிள்ளிவிடும்.

காரணம் இது. கலர் நெகட்டிவில் செம்மஞ்சள் சாயம் ஒன்று படிந்திருக்கும். அதைக் கழித்து, நிறங்களைப் புரட்டினால்தான் படம் தெரியும். எவ்வளவு கழிப்பது என்பதை ஸ்கானரின் மென்பொருளும் அதன் முன்னால் இருக்கிறவரும் தீர்மானிக்கிறார்கள். ஒரே நெகட்டிவை நொரிட்சு ஸ்கானரிலும் ஃபுஜி ஃப்ரொன்டியரிலும் போட்டால் இரண்டு மாதிரி வரும். ஆகவே நெகட்டிவ் விஷயத்தில் "கைபடாத பிலிம் நிறம்" என்று ஒன்று இல்லை. ஸ்லைட் பிலிம் வேறு கதை, அதை விளக்குப் பெட்டியில் வைத்துக் கண்ணால் பார்க்கலாம். மறுபக்கத்திலும் இதே நிலைதான். ரா கோப்பை எந்த மென்பொருள் திறக்கிறதோ அதன் நிறம்தான் முதலில் தெரியும். "என்ர படத்தில ஒண்டும் செய்யேல்ல" என்று இரண்டு தரப்பும் சொல்வது ஒரே அளவுக்குத்தான் உண்மை.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதை வைத்து மணியும் கூர்மையும் பேசவேண்டாம். அது படத்தைச் சுருக்கும். பிலிமின் மணி, ஒழுங்கில்லாத சின்னச் சின்னப் புள்ளிகள். சுருக்கும்போது முதலில் சிதைவது அதுதான், திட்டுத் திட்டாகிவிடும். பார்க்கிறவர் "பிலிம் இவ்வளவுதானா" என்பார். படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

வீட்டில் கழுவியதா என்று கேட்பதற்கும் இந்த ஊரில் ஒரு காரணம் உண்டு. கறுப்புவெள்ளைக்கான நேர அட்டவணைகள் 20 பாகை செல்சியஸுக்கு எழுதப்பட்டவை. திருமலைக் குழாய்த் தண்ணீர் பகலில் அதைவிட நன்றாகச் சூடு. அதே நேரத்துக்குக் கழுவினால் படம் அளவுக்கு மீறிக் கழுவுப்பட்டு, வெளிச்சப் பகுதி அடைத்து, மணி பருத்து வரும். அதைப் பார்த்துத்தான் இல்ஃபோர்டின் கறுப்புவெள்ளை றோலான எச்பி5 பற்றி "எச்பி5 கரடுமுரடு" என்ற தீர்ப்பு பிறக்கிறது. ஐடி-11 என்ற டெவலப்பர் (படத்தைத் தெரியவைக்கும்) கரைசலில் எச்பி5 பிளஸ் றோலுக்கு 20 பாகையில், கலக்காத கரைசல் என்றால் ஏழரை நிமிடம், தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று என்றால் 13 நிமிடம். 24 பாகையில் கழுவுவதானால் நேரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஒரே சீராகக் கழுவுப்படாது. ஆகவே இங்கே ஒன்றுக்கு ஒன்று கரைசல்தான் பாதுகாப்பு. ஒரு பேசினில் தண்ணீரும் ஐஸும் போட்டுக் கரைசல் போத்தல்களை அதில் நிறுத்தி 24க்கு இறக்குவது லேசு, 20க்கு இறக்குவது பெரும்பாடு. வேடிக்கை என்னவென்றால், பலரும் பயப்படுகிற கலர் கழுவல் இங்கே சுகம். கலர் நெகட்டிவ் கழுவும் முறையான சி-41க்கு 38 பாகை வேண்டும், டெவலப்பரில் மூன்றேகால் நிமிடம். நம்முடைய தண்ணீர் பாதி வழி தானாகவே வந்து நிற்கிறது.

ஒரு றோல், ஒரு காலைப்பொழுது

வாய்ப்பேச்சு இரண்டாம் முறையும் அதே இடத்தில் வந்து நின்றால், பரிசோதனை வையுங்கள். தேவையானவை: 36 படம் பிடிக்கும் கோல்ட் 200 றோல் ஒன்று, கையால் வேகம் மாற்றக்கூடிய பிலிம் கமரா, ஒரு டிஜிட்டல் கமரா, முக்காலி ஒன்று, நோட்டுப் புத்தகம். பிலிம் கமராவில் 50 மிமீ லென்ஸ் என்றால், ஏபிஎஸ்-சி (பிலிம் பிரேமைவிடச் சிறிய) சென்சார் உள்ள டிஜிட்டல் கமராவுக்கு 35 மிமீ. இரண்டிலும் ஐஎஸ்ஓ 200. டிஜிட்டலில் வெள்ளைச் சமநிலையை பகல் வெளிச்சத்தில் பூட்டிவிடுங்கள், ஏனென்றால் றோலும் பகல் வெளிச்சத்துக்குச் செய்ததுதான். ரா கோப்பாகவே பதியுங்கள்.

மூன்று காட்சி போதும். வெயிலில் வெள்ளை மணலும் வெள்ளைத் துணியும். நிழலும் வெயிலும் கலந்த இடம், உதாரணமாகக் கோட்டை வாசலுக்கு அப்பால் மர நிழலில் மான்கள் படுத்திருக்கும் இடம். மூன்றாவது, ஒரு மனித முகம், திறந்த நிழலில். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படைத் தளம் இருக்கிறது. முக்காலியை அந்தப் பக்கம் திருப்பவேண்டாம், சந்தேகமென்றால் காவலில் நிற்பவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200க்கு, லென்ஸின் துவாரம் எஃப் 16இல் இருந்தால் வேகம் 1/250 வினாடி சரியாக இருக்கும். துவாரத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றி ஆறு படம்: 1/1000, 1/500, 1/250, 1/125, 1/60, 1/30. அதாவது இரண்டு படி குறைவிலிருந்து மூன்று படி கூடுதல்வரை (ஒரு படி என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). பழைய கமராக்கள் பலவற்றில் 1/1000தான் உச்ச வேகம், அதனால்தான் 400 றோலை விட்டு 200 எடுத்தது. நிழல் காட்சிக்கு மீட்டரில் அளந்து, அதே ஆறு படிகள். மூன்று காட்சிக்கு 18 பிரேம். மிச்சம் 18ஐ வாதாடுகிறவர்கள் இருவரும் ஆளுக்குப் பாதியாக விரும்பியதைப் பிடிக்கட்டும். ஒவ்வொரு பிரேமின் எண்ணையும் வேகத்தையும் அங்கேயே எழுதுங்கள். பிலிமில் அந்த விவரம் எங்கும் பதியாது, மறுநாள் நினைவிருக்காது.

எஃப் 16இல் இரண்டு கமராவும் கொஞ்சம் கூர்மை இழக்கும். இது நிற, வெளிச்சப் பரிசோதனை, கூர்மைப் பரிசோதனை அல்ல என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு அதில் ஒரு சண்டை. பின்னணி மங்கலையும் இதில் சேர்க்கவேண்டாம். அது பிலிமாலோ டிஜிட்டலாலோ வருவதல்ல, படம் விழும் பரப்பின் அளவாலும் துவாரத்தாலும் தூரத்தாலும் வருவது.

கழுவி வந்ததும் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு படி குறைத்த பிரேம் மெலிந்து, நிழல் பகுதி வெறும் கண்ணாடிபோல் இருக்கும். ஸ்கான் செய்தால் சேற்று நிறமும் மணியும்தான் வரும், எந்த மென்பொருளாலும் இல்லாததை எடுக்க முடியாது. மூன்று படி கூட்டியதோ தடித்துக் கறுத்திருந்தாலும் ஸ்கானில் வேட்டி மடிப்பு கிடைக்கும். டிஜிட்டலில் இது நேர் எதிர். இரண்டு படி குறைத்த ரா கோப்பை நிமிர்த்தினால் நிழல் எழும்பி வரும். இரண்டு படி கூட்டியதில் மணல் வெறும் வெள்ளை, அங்கே தரவே இல்லை. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் நிரம்பியதும் அதற்கு மேல் எண்ணாது. நெகட்டிவில் அடர்த்தி மெல்ல மெல்லத்தான் தேங்கும்.

வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. டிஜிட்டலில் பழகியவர் வெளிச்சப் பகுதி எரிந்துவிடுமோ என்று குறைத்துப் பிடிப்பார். அதே கையோடு பிலிமைப் பிடித்தால் சேறுதான் வரும். பிலிமில் பழகியவர் நிழலுக்கு அளந்து கூட்டிப் பிடிப்பார். அதே கையோடு டிஜிட்டல் எடுத்தால் வானம் போய்விடும். ஒவ்வொருவரும் மற்றவருடைய கருவியைத் தன் பழக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கருவியைத் திட்டுகிறார்.

அடுத்தது பிரிண்ட். லாபின் சாதாரண ஸ்கான் ஏறத்தாழ 3000க்கு 2000 பிக்சல் இருக்கும். 24 மெகாபிக்சல் கமராவின் கோப்பு 6000க்கு 4000. இரண்டையும் அப்படியே வைத்தால் ஸ்கானரையும் சென்சாரையும்தான் ஒப்பிடுகிறீர்கள். டிஜிட்டல் கோப்பையும் 3000க்கு 2000 ஆக்குங்கள். 12க்கு 8 அங்குலப் பிரிண்டில் அது அங்குலத்துக்கு 250 புள்ளி, கையில் பிடித்துப் பார்க்கத் தாராளம். பிலிம் ஸ்கானில் தூசியை நீக்குங்கள், தூசியே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே ஸ்டூடியோவில், ஒரே நாளில், ஒரே தாளில் அடியுங்கள். இயந்திரத்தின் தானியங்கி நிறத் திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அது எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கி, முழு உழைப்பையும் வீணாக்கும். பின்னால் எண்ணை எழுதப் பேனையை அழுத்தினால் முன்பக்கத்தில் தடம் தெரியும், சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இந்தச் சண்டையில் சேராத ஒருவர் கலைத்து அடுக்கட்டும்.

முதலில் ஒவ்வொன்றிலும் நல்லதாக வந்த பிரேமை மட்டும் வையுங்கள், பிழையாக வந்தவற்றைப் பிறகு. பார்க்கிறவரிடம் இரண்டு கேள்வி, தனித்தனித் துண்டில்: எதை வீட்டுச் சுவரில் மாட்டுவீர்கள்? எது பிலிம் என்று நினைக்கிறீர்கள்? இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எல்லோரும் பிலிமைக் கண்டுபிடிக்கிற வேலையில் இறங்கி, படத்தைப் பார்க்க மறந்துவிடுவார்கள். முடிவைக் காட்சிவாரியாக எழுதி ஒட்டுங்கள், மொத்தக் கூட்டல் போடவேண்டாம். கூட்டினால் ஒரு கட்சி வென்றதாக ஆகிவிடும்.

இரவுப் படம் பற்றி ஒரு துணுக்கு. நீண்ட நேரம் திறந்து வைத்தால் பிலிமின் உணர்திறன் சரியும். எச்பி5 பிளஸில் மீட்டர் 10 வினாடி சொன்னால் ஏறத்தாழ 20 கொடுக்கவேண்டும். 30 சொன்னால் 86. இதைத் தெரியாமல் "பிலிம் இரவுக்கு உதவாது" என்று சொல்வது பிலிம்மேல் பழி. தெரிந்துகொண்டு "இவ்வளவு நேரம் நிற்க எனக்குப் பொறுமையில்லை" என்றால் அது நியாயமான காரணம்.

அடிக்கடி வரும் வாதங்கள்

செலவு: தொகையைச் சொல்லிச் சண்டை பிடிக்காமல் கணக்கைப் போடுங்கள். றோல் விலை, கழுவும் கூலி, ஸ்கான், கொழும்புக்கு அனுப்பி எடுப்பதானால் பார்சல் செலவு, எல்லாவற்றையும் கூட்டி 36ஆல் வகுக்கவேண்டும். எதிர்ப்பக்கத்தில் கமரா, கார்ட், கணினி, காப்புப் பிரதிக்கான ஹார்ட் டிஸ்க். மாதம் ஒரு றோல் போடுகிறவருக்கும் கல்யாண வீட்டில் 2000 படம் எடுக்கிறவருக்கும் ஒரே விடை வராது. 2000 படம் என்றால் 56 றோல்.

"பிலிம் செத்துப்போச்சு": கொடாக் 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது உண்மை. இல்ஃபோர்ட் பிலிம் செய்கிற ஹார்மன் 2023இல் பீனிக்ஸ் 200 என்ற புதிய கலர் றோலை இறக்கியதும், பென்டாக்ஸ் 2024இல் புதிய பிலிம் கமரா ஒன்றை விற்கத் தொடங்கியதும் உண்மை. "டிஜிட்டல் நேற்று வந்தது" என்பவருக்கு: முதல் கையடக்க டிஜிட்டல் கமராவைக் கொடாக் நிறுவனத்திலேயே ஸ்டீவன் சாசன் 1975இல் செய்தார். ஒரு படத்தை கசெட்டில் பதிய 23 வினாடி எடுத்தது.

எது நிலைக்கும் என்ற வாதத்தில் மட்டும் இந்த ஊரில் கொஞ்சம் அடக்கி வாசிக்கவேண்டும். "நெகட்டிவ் நூறு வருஷம் இருக்கும்" என்று நீங்கள் சொல்லும்போது எதிரே இருப்பவர், இடம்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு வந்தவராக இருக்கலாம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து வீட்டோடு எல்லாவற்றையும் கொண்டுபோனவராக இருக்கலாம். அவரிடம் அது வெறும் தொழில்நுட்பக் கதை அல்ல. கருவியைப் பற்றிப் பேசாமல் பிரதிகளைப் பற்றிப் பேசுங்கள். நெகட்டிவானாலும் கோப்பானாலும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில். நெகட்டிவுக்கு அதன் ஸ்கான்தான் பிரதி. கடற்கரை ஊரின் ஈரப்பதத்தில் நெகட்டிவிலும் லென்ஸிலும் பூஞ்சணம் பிடிப்பது இருதரப்புக்கும் பொதுவான துன்பம். சூடு ஏறும்போது கதையை அந்தப் பக்கம் திருப்பினால் எல்லோரும் ஒன்றாகிவிடுவார்கள்.

வாய்ச்சொல்

சில சொற்கள் வந்தாலே கதை கெட்டுவிடும். "உண்மையான படம்", "சும்மா அமத்துறது", "பணக்கார விளையாட்டு", "ஃபேஷனுக்கு". இவை எல்லாம் ஆளைப் பற்றிய தீர்ப்பு, படத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. முறைச்சொல்லும் கவனிக்கவேண்டியது. சாதாரணமாக அன்பாக விழுகிற "தம்பி", வாதத்தின் நடுவில் வந்தால் "உனக்கு ஒன்றும் தெரியாது" என்றுதான் காதில் விழும். அதுவரை "நீங்கள்" என்றவர் திடீரென்று "நீர்" என்றால் குழுவே விறைத்துப்போகும். இப்படித்தான் நடக்கும்:

"தம்பி, நீர் பிறக்க முதல் றோல் கழுவினவன் நான்."

"அதுதான் மாஸ்டர், இப்ப ஏன் விட்டிட்டீங்கள்?"

இதையே படத்தைச் சுட்டிப் பேசினால்:

"தம்பி, இந்த மர நிழலுக்குள்ள ஒண்டும் தெரியேல்ல. எத்தினையில அளந்தனீங்கள்?"

"பெட்டியில இருந்த 400இல மாஸ்டர். 200இல வச்சிருக்கலாமோ?"

"வச்சுப் பாருங்கோ. நானாட்டையும் கேளுங்கோ, அவர் போன கிழமை அதே றோல்தான் போட்டவர்."

மூத்தவர் மூத்தவராகவே இருக்கிறார், இளையவருக்கும் முகம் போகவில்லை, மூன்றாம் ஆள் ஒருவரும் உள்ளே வந்துவிட்டார். குறை சொல்வதானால் படத்தில் ஓர் இடத்தை விரலால் காட்டமுடிய வேண்டும். காட்டமுடியாத குறையைச் சொல்லவேண்டாம். படம் போட்டவர் கருத்துக் கேட்காவிட்டால் அதுவும் வேண்டாம். குரல் பதிவில் பதில் சொல்வதைத் தவிருங்கள், கோபம் அதில் அப்படியே கேட்கும்.

சூடு ஏறிவிட்டால்

நடத்துகிறவர் ஒரு கட்சியில் நின்றால் அன்றைக்கு வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு பேர் மட்டும் ஆளுக்கு மூன்று பதில் எழுதிவிட்டார்கள் என்றால் அது இனி குழுவின் கதை இல்லை. "நாளைக்குப் பின்னேரம் நேரில கதைப்பம்" என்று ஒரு வரி போட்டு நிறுத்துங்கள். யார் சரி என்று அந்த வரியில் சொல்லவேண்டாம். பிறகு இருவரையும் தனித்தனியே தொலைபேசியில் எடுங்கள், மூத்தவரை முதலில். பொதுவில் கண்டிப்பது கடைசி வழி. எழுதியதை அழிப்பதும் அப்படித்தான், ஆளைப் பழித்த வரி என்றால் மட்டும், அதுவும் எழுதியவருக்குச் சொல்லிவிட்டு. திரும்பத் திரும்ப அதே நெருப்பை மூட்டுகிறவரை வெளியேற்றும் முன் அடுத்த பரிசோதனையின் நோட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். ஆறு வேகத்தையும் எழுதிக்கொண்டு நிற்கிறவருக்குக் கட்சி பேச நேரம் கிடைக்காது.

பரிசோதனைக்கு நல்ல காலம் சித்திரை தொடக்கம் புரட்டாதிவரை, காலை பத்து மணிக்கு முன். பத்து மணிக்குப் பிறகு கச்சான் (தென்மேற்குக்) காற்றில் மணல் பறக்கும், லென்ஸ் மாற்ற முடியாது. குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த கமராவையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த றோலையும் பையைத் திறக்காமல் ஒரு மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுத்தான் பாவிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஈரம் படியும். கார்த்திகை தொடங்கி தைவரை மாரிமழை, அந்த மாதங்களில் அறைக்குள் பிரிண்ட் பார்க்கும் மாலைகளை வையுங்கள். பரிசோதனை நெகட்டிவ்களை உறையில் இட்டு, காட்சியின் பெயரும் திகதியும் எழுதி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். நீல நிற மணிகள் இளஞ்சிவப்பானதும் அடுப்பில் லேசாகச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். புதிதாகச் சேர்கிறவர் அதே கேள்வியோடுதான் வருவார், அந்தப் பெட்டியைத் திறந்து காட்டலாம்.